சோறு மட்டும் எறங்கல

என் மனைவிக்கு என்னுடைய நகைச்சுவைக் கட்டுரைகள் பிடிக்காது. பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லும் வழக்கமும் அவளுக்குக் கிடையாது. பத்திரிகையை மடித்து டி.வி. மேல் வைத்துவிட்டு, "நல்லாத்தான் எழுதி இருக்கீங்க. எனக்குத்தான் எறங்கல" என்பாள். குற்றம் கட்டுரையில் இல்லையாம், அவள் தொண்டையில்தானாம்.

எங்கள் விருத்தாசலம் பக்கத்தில் 'எறங்கல' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு குடும்பமே நடத்திவிடலாம். பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை மனசுக்கு எறங்கல. புது மேனேஜர் பேசுவது எறங்கல. காய்ச்சல் வந்தால் கஞ்சி எறங்கல. அதனால் ஒரு நாள் மதியம் அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "சோறு எறங்க மாட்டேங்குதுங்க" என்றபோது நான் சாம்பாரைத்தான் சந்தேகப்பட்டேன்.

"என் கட்டுரைய படிச்சுட்டு சாப்புட ஒக்காந்தியா?" என்று கேட்டேன்.

சிரித்தாள். சிரிப்பு மட்டும் தடங்கல் இல்லாமல் வந்தது.

உணவுக்குழாயில் கட்டி. புதுச்சேரிக்கும் விருத்தாசலத்துக்குமாகப் பஸ்ஸிலும் காரிலும் அலைந்தோம். முதலில் சோறு நின்றது. அப்புறம் இட்லி. அப்புறம் குழைத்த கஞ்சி. கடைசியில் தண்ணீரே யோசித்து யோசித்துத்தான் உள்ளே போனது. அந்த மாதங்கள் முழுவதும் நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்து தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பூன் வாய்க்குள் போகும். நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அவள் விழுங்க முயலும்போது நானும் சேர்ந்து எச்சிலை விழுங்குவேன், என் பங்குக்குக் கொஞ்சம் தள்ளிவிடுகிற மாதிரி.

"அங்கயே என்ன பாத்துக்கிட்டு இருக்கீங்க? சினிமாவா ஓடுது?" என்பாள், பாதிக் குரலில்.

அவள் போன அன்று சுடுகாட்டில் வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். முதலில் போட்டவன் அவளுடைய தம்பி. அப்புறம் பங்காளிகள், தெருக்காரர்கள், கம்பெனி ஆட்கள் என்று வரிசையாக வந்தார்கள். ஆளுக்கொரு பிடி பச்சரிசி. மூடிய உதட்டில் விழுந்து கன்னத்தில் உருண்டு காதோரம் சேர்ந்தது. மாதக்கணக்கில் ஒரு பருக்கைக்குக் கெஞ்சிய வாய் அது. அதில் ஊரே கூடி அள்ளி அள்ளிப் போடுகிறது. என் முறை வந்தது. கையில் அரிசியோடு குனிந்தவன், "அவளுக்கு எறங்காதுங்க" என்றேன்.

மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். எல்லோருக்கும் கேட்டுவிட்டது. நான் வேடிக்கையாக எழுதுகிறவன் என்று ஊருக்குத் தெரியும். பின்னால் யாரோ ஒருவர் பழக்க தோஷத்தில் சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார்.

கருமாதி விருந்தில் எனக்கு அது ஆரம்பித்தது. இலையில் சோறு, குழம்பு. முதல் வாய் போட்டேன். நாக்கு தன் வேலையைச் செய்தது, பல் செய்தது. தொண்டை மட்டும் கதவைச் சாத்திவிட்டது. விரலால் யாரோ உள்ளிருந்து அடைத்த மாதிரி ஓர் இறுக்கம். எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தேன். 'துக்கம்' என்றார்கள். துக்கம் என்றால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை எல்லோருக்கும் இருந்தது. எனக்கும்.

ஆகவில்லை. வேடிக்கை என்னவென்றால், இட்லி இறங்கியது. தோசை இறங்கியது. டீ, வாழைப்பழம், கடலை மிட்டாய் எல்லாம் இறங்கின. சோறு மட்டும் நின்றது.

நான் ஒரு பீங்கான் கம்பெனியில் மேற்பார்வையாளன். நாங்கள் செய்வது கழிவறைப் பீங்கான்கள். மனிதர்கள் நிம்மதியாக உட்காரப் பாடுபடுகிறவன் என்று என்னை நானே அறிமுகப்படுத்திக்கொள்வது வழக்கம். சூளையிலிருந்து வரும் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்போம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் மொத்தென்று இருக்கும். தொண்டை டாக்டரும் என்னைத் தட்டினார், அழுத்தினார், மூக்கு வழியாகக் கேமரா விட்டார். அவருக்குக் கேட்ட சத்தம் நன்றாகவே இருந்திருக்க வேண்டும்.

"ஒண்ணுமில்ல சார். க்ளீனா இருக்கு."

"சோறு நிக்குதே டாக்டர்."

"இட்லி எறங்குதுன்னு சொன்னீங்களே? இட்லியும் அரிசிதானே?"

"அது எனக்குத் தெரியுதுங்க. தொண்டைக்குத் தெரியலையே."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஃபீஸைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால், என் மச்சான் ஒரு கிலோ மைசூர்பாக் வாங்கி வைத்துக்கொண்டு நிற்கிறான். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி, முதல் வாய்க்கரிசி போட்டவன். வேப்பூர் ஹைவேயில் சாப்பாட்டு ஓட்டல் வைத்திருக்கிறான். திருச்சி போகிற பஸ்ஸும் லாரியும் நிற்கிற இடம்.

"ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரா? நான்தான் சொன்னனே மாமா, ஒண்ணுமில்லன்னு! இனிமே ஒரு கட்டு கட்டுங்க."

புற்றுநோய் பார்த்த குடும்பத்தில் 'ஒண்ணுமில்ல' என்பது திருவிழா. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அன்று வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தால், அது மறுபடியும் நின்றது. ஒன்றுமில்லாததில் எப்படி நிற்கும்? அப்படியென்றால் நான் பொய் சொல்கிறேன் என்று ஆகிறது. துக்கம் கேட்கத் தாமதமாக வந்த ஒன்றுவிட்ட பெரியம்மா ஒருவர் அதை வெளிப்படையாகவே கேட்டுவிட்டார். "பொண்டாட்டி செத்தா புருசனுக்கு சோறு எறங்காதுதான். இல்லங்கல. ஆனா இட்லி மட்டும் எப்படிப்பா எறங்குது?"

நல்ல கேள்வி. நான் எழுதியிருக்க வேண்டிய வரி.

நான் டார்ச் லைட் வாங்கினேன். காலையில் பல் விளக்கியதும் கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து உள்ளே வெளிச்சம் அடிப்பேன். கம்பெனியில் மதியம் ஒரு முறை. எச்சில் விழுங்கி விழுங்கிச் சோதிப்பேன். ஒரு நாளைக்கு நூறு தடவை எச்சிலை விழுங்கினால் யாருக்கும் தொண்டை வலிக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. வலிக்கிறதே, அப்படியானால் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. செல்போனில் தேடுவேன். செல்போனுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லும் பழக்கம் கிடையாது. அது எப்போதும் ஏதாவது ஒன்றை எடுத்துக் கொடுக்கும். வேறு டாக்டர், வேறு கேமரா. அந்த டாக்டரும் 'ஒண்ணுமில்ல' என்றார். ஒவ்வொரு ஒண்ணுமில்லைக்கும் ஆயுள் இரண்டு நாள்.

எங்களுக்கு ஒரே மகள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. காரியத்துக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. லீவு முடிந்ததும் வீட்டிலிருந்தே வேலை என்றாள். கம்பெனி நேரில் வரச் சொல்லி மெயில் அனுப்பியது. வேலையை விட்டுவிடப் போவதாகச் சொன்னாள்.

"எதுக்கும்மா? எனக்குத்தான் ஒண்ணுமில்லன்னு ரெண்டு டாக்டரு சொல்லிட்டாங்களே."

"அம்மாவும் மொதல்ல சோறு மட்டுந்தாம்பா எறங்கலன்னு சொன்னாங்க."

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். நான் சாப்பிடும்போதெல்லாம் அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். லேப்டாப் திறந்திருக்கும், கண் அதில் இருக்காது. என் தொண்டையில் இருக்கும். நான் விழுங்கும்போது அவளும் விழுங்கினாள். அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். அது நான் வைத்திருந்த கண்.

இருபத்துநாலு வயதுப் பெண். அவள் இரண்டாவது முறையும் அதே நாற்காலியில் உட்கார வேண்டியதில்லை. என் உயிரைப் பற்றிய பயம் எனக்கு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அவளை அந்த நாற்காலியிலிருந்து எழுப்ப வேண்டும் என்பது அதைவிடப் பெரிதாக ஆனது. அதற்காக எதையும் செய்யத் தயாராக இருந்தேன் என்பதால்தான், படித்தவன், பகுத்தறிவு பேசுகிறவன், நாலு பேர் முன்னால் மைக் பிடித்தவன், மச்சான் காரில் ஏறித் தொக்கம் எடுக்கப் போனேன்.

தொக்கம் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தின்றது உள்ளே எங்கோ சிக்கிக்கொண்டுவிட்டால் அதை ஊதி, உறிஞ்சி எடுத்துவிடலாம் என்பார்கள். கருவேப்பிலங்குறிச்சி தாண்டி ஒரு ஊரில் அந்த அம்மா இருந்தார். நல்ல கூட்டம். கைக்குழந்தைகள்தான் அதிகம். நடுவில் நரைத்த மீசையோடு நான்.

என்னைப் பாயில் உட்கார வைத்தார். தொண்டையில் ஈரத்துணியைப் போட்டார். ஒரு சின்னக் குழாயை அதன்மேல் வைத்து உறிஞ்சினார். பிறகு எவர்சில்வர் தட்டில் துப்பினார். டங்கென்று இல்லை, சொத்தென்று விழுந்தது.

"பாருங்க. சோறு. வெந்தும் வேகாத பருக்க. எம்மா நாளா நிக்குது இது?"

நான் சோறு சாப்பிட்டு அப்போது நாலு மாதம். அது எங்கிருந்து வந்திருக்கும் என்பதை யூகிக்க முடியாத அளவுக்கு நான் மழுங்கிவிடவில்லை. அவர் கடைவாயில் அடக்கி வைத்திருந்திருப்பார். அதெல்லாம் தெரிந்துதான் தட்டை எட்டிப் பார்த்தேன். வெள்ளையாக, அரைவேக்காட்டில், ஒரு சிட்டிகை அரிசி. சுடுகாட்டில் என் மனைவியின் கன்னத்தில் உருண்ட அரிசி மாதிரியே இருந்தது.

கைக்குழந்தைகள் எல்லாம் அழாமல் என்னைப் பார்த்தன. நான் அழுதுகொண்டிருந்தேன். இத்தனை நாளில் முதல் முறையாக ஒருவர் 'இருக்குது' என்று சொல்லிவிட்டார். பொய்தான் சொன்னார். இருந்தாலும் சொன்னார்.

"வந்துடுச்சு மாமா, வந்துடுச்சு" என்று மச்சான் என் முதுகைத் தட்டிக்கொண்டே காருக்குக் கூட்டிப் போனான். நேராக வேப்பூரில் அவன் ஓட்டல். தலைவாழை இலை. அவனே பரிமாறினான். சப்ளையர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். பிசைந்தேன். வாயில் வைத்தேன்.

நின்றது.

வெளியே ஏதோ பஸ்ஸின் கண்டக்டர் 'பத்து நிமிஷம், பத்து நிமிஷம்' என்று கத்துவது கேட்டது. நான் இலையை மூடினேன். மச்சான் எனக்கு எதிரே உட்கார்ந்தான். கையைத் தூக்கி மேஜைமேல் வைத்தான். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"என்னடா இது?"

"இது அப்பலேருந்து இருக்குது மாமா. அரிசி களைய, சோறு அள்ள கைய வெச்சா ஆரம்பிக்குது. வேற எதுக்கும் இல்ல. பரோட்டா மாவு பெசஞ்சா நடுங்கல. நீங்க சுடுகாட்டுல எறங்காதுன்னு சொன்னீங்க பாருங்க... அதுக்கு முந்தி மொத அரிசி போட்டது நான். எங்கக்கா வாயில நான் திணிச்ச மாதிரி ஆயிடுச்சு. யாராண்டயும் சொல்லல. சொன்னா சிரிப்பாங்க. ஊருக்கே சோறு போடறவனுக்கு அரிசியத் தொட்டா கை நடுங்குதுன்னா சிரிக்க மாட்டாங்களா?"

நான் சிரிக்கவில்லை. எனக்கு ஆயிரம் வரி தோன்றியிருக்க வேண்டிய இடம். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கைக்குள்ளும் அது கொஞ்ச நேரம் நடுங்கிவிட்டு ஓய்ந்தது.

நான் போய்க் காட்ட வேண்டிய இடம் தொண்டை டாக்டர் அறை இல்லை என்பது எனக்கு உறைத்தது அங்கேதான். அவன் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அவன் நடுக்கத்தைக் கேமராவில் பிடிக்க முடியாது என்றும் தெரியும். அவனுக்குத் தந்த நம்பிக்கையை எனக்கும் கொஞ்சம் தந்துகொள்ளலாம் அல்லவா?

மகளிடம் சொன்னேன். அவள் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள், கேட்கத்தான் பயந்திருக்கிறாள். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு. போர்டில் எழுத்து அவ்வளவு பெரிதாக இருந்திருக்க வேண்டாம். கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். எங்கள் கம்பெனி வாட்ச்மேன். "வாங்க சார். நீங்களும் தூக்கத்துக்கா?" என்று வாரியணைக்கிற குரலில் கேட்டார். வரிசை முழுவதும் என்னைப் பார்த்தது. கைக்குட்டையை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் சின்னப் பெண். என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவள். கேமரா ரிப்போர்ட்டுகளை எல்லாம் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, "மொதமொதல்ல சோறு எறங்காமப் போனது யாருக்குங்க?" என்று கேட்டாள்.

யாரும் கேட்காத கேள்வி. சொன்னேன். சுடுகாட்டையும் சொன்னேன். நகைச்சுவையாகச் சொல்லத்தான் முயன்றேன். அவள் சிரிக்கவில்லை. வேண்டுமென்றே சிரிக்கவில்லை என்று தோன்றியது.

"ஒண்ணுமில்லன்னு நான் சொல்ல மாட்டேன் சார். கட்டி இல்ல, புண்ணு இல்ல, அது நெசம். உங்களுக்கு நிக்குது, அதுவும் நெசம்."

"அப்ப பிரமையா?"

"பரீட்சைன்னா வயித்தக் கலக்கும்ல? அப்ப வயித்துல கேமரா விட்டா பரீட்சை தெரியுமா? தெரியலன்னா கலக்கறது பொய்யா? தொண்டைத் தசை உங்க பேச்சக் கேக்காம இறுகுது. நீங்க பயந்து பயந்து பாக்கப் பாக்க இன்னும் இறுகுது. வேணும்னு செய்யலை நீங்க. வேண்டாம்னு நெனச்சதும் நின்னுடாது."

மருந்து கொஞ்சம் கொடுத்தாள். டார்ச் லைட்டை வாங்கி மேஜை டிராயரில் போட்டுக்கொண்டாள். புது டெஸ்ட் எதுவும் தானாகப் போய் எடுக்கக் கூடாது. தொந்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறித்த நாளில் வந்துவிட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, கஞ்சியில் ஒரு பருக்கை, இரண்டு பருக்கை என்று பழக வேண்டும். மச்சானையும் கூட்டி வரச் சொன்னாள். கடைசியாக வெளியே உட்கார்ந்திருந்த என் மகளைக் கூப்பிட்டு, "அப்பா சாப்புடும்போது அவரு தொண்டையப் பாக்காதீங்க. முடியாதுதான். ஆனாலும் பாக்காதீங்க" என்றாள்.

மகள் தலையை ஆட்டினாள். அவளை யாரோ திருட்டில் பிடித்துவிட்ட மாதிரி அழுதாள்.

நான் வாராவாரம் போய்ப் பேசினேன். பேசுவது எனக்குச் சுலபம் என்றுதான் நினைத்திருந்தேன். வேடிக்கை இல்லாமல் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே தெரிந்தது. கஞ்சி இறங்கியது. கஞ்சியில் மிதந்த பருக்கைகள் சில நாள் இறங்கின, சில நாள் இல்லை. மச்சானுக்கு இப்போது நடுக்கம் குறைந்திருக்கிறது. அரிசி களைய வேறு ஆள் போட்டிருக்கிறான், அதைச் சேர்த்தால்தான் கணக்கு சரி. ஒரு வாரம் நன்றாக இருந்துவிட்டு மறு வாரம் எனக்கு எச்சிலே நிற்கும். அப்போது கை தானாக டார்ச்சைத் தேடும்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் ரசம் வைத்து, சோறு வடித்தாள். எனக்குத் தட்டு வைத்துவிட்டு, டாக்டர் சொன்னபடி முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். அவளுக்கு முன்னால் தண்ணீர் பிடித்து வைக்கும் எவர்சில்வர் அண்டா. அவள் அம்மா நாள் தவறாமல் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கண்ணாடியாக்கி வைத்திருந்த அண்டா. இப்போது யாரும் அப்படித் தேய்ப்பதில்லை. இருந்தாலும் கொஞ்சம் பளபளப்பு மீதி இருந்தது.

ரசத்தை ஊற்றிப் பிசைந்தேன். வாயில் வைத்தேன். நிமிர்ந்தபோது அண்டாவின் வயிற்றில், வளைந்து, அகன்று, இரண்டு கண்கள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கழுத்து ஒரு தரம் அசைந்தது. எனக்காக விழுங்குகிறாள்.

"அங்கயே என்ன பாத்துக்கிட்டு இருக்க? சினிமாவா ஓடுது?"

வாயில் சோறு இருந்ததால் பாதிக் குரலில்தான் வந்தது. சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அண்டாவில் இருந்த முகம் அழுதது.

"அம்மா மாதிரியே சொல்றீங்கப்பா."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். வாய் காலியாக இருந்தது.

எப்போது போனது என்று தெரியவில்லை. நான் கவனிக்காத நேரம் பார்த்து இறங்கிவிட்டிருக்கிறது. அது இறங்கும்போது நான் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. என் மனைவி கண்ணை மூடிய விடியற்காலையிலும் இப்படித்தான், பார்க்காமல் நாற்காலியில் தூங்கிப்போயிருந்தேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது. எனக்கு வீடு மொத்தமும் காலியாக இருந்தது.

"எறங்கிச்சாப்பா?" திரும்பாமலே கேட்டாள்.

"எறங்கிடுச்சும்மா."

அவள் அண்டாமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மூக்கை உறிஞ்சிவிட்டு, "ரசம் எப்படிப்பா இருக்குது?" என்றாள்.

"நல்லாத்தான் வெச்சிருக்க" என்றேன்.

அதற்கு மேல் அவள் அம்மாவின் அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அடுத்த வாயைப் பிசைந்தேன்.